பழப்புளி: கொட்டையோடு வாங்குவதா, கொட்டை எடுத்ததை வாங்குவதா?

கேள்வி: அக்கா, திருகோணமலை மத்திய வீதிக் கடைகளில் கொட்டை எடுத்த பழப்புளி ஒரு விலை, கொட்டையோடு உள்ளது இன்னொரு விலை. மலிவானதை வாங்கினால் உண்மையில் மிச்சம் பிடிக்கலாமா? (உப்புவெளி வாசகி)

பதில்: கிலோ விலையை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. சட்டிக்குள் போவது சதை மட்டும்தான். முழுப் புளியம்பழத்தின் நிறையில் சதை ஏறக்குறைய 55 சதவீதம், கொட்டை 34 சதவீதம், மிச்சம் ஓடும் தும்பும். ஓட்டை உடைத்துவிட்டுக் கொட்டையோடு நிறுத்துத் தரும் ஒரு கிலோவில் சதை 600 கிராம் அளவில்தான் இருக்கும். பழத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும்.

விலை கிழமைக்குக் கிழமை மாறுகிறது, அதனால் கணக்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கொட்டை எடுத்த புளி கிலோ 1000 ரூபா என்று வைத்துக்கொண்டால், கொட்டையோடு உள்ளது 600 ரூபாவுக்குக் கீழே இருந்தால் லாபம். 700 ரூபா சொன்னால், மலிவாகத் தெரிந்தாலும் கொட்டைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

விலை சரிக்குச் சரியாக வந்தால் நான் கொட்டையோடு உள்ளதைத்தான் எடுப்பேன். கொட்டை எடுத்து அமத்திக் கட்டியாக்கிய புளிக்குள் என்ன இருக்கிறது என்று வெளியில் தெரியாது. கொட்டையோடு உள்ளதைப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு கொட்டையை எடுத்துப் பாருங்கள். சின்ன வட்ட ஓட்டை இருந்தால், பக்கத்தில் மா போலத் தூள் கொட்டியிருந்தால், வண்டு விழுந்த புளி. வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

கையில் எடுத்தால் ஒட்ட வேண்டும், ஆனால் நீர் கசியக் கூடாது. கசிந்தால் பெரும்பாலும் உப்பு கூடிப்போயிருக்கும். கெடாமல் இருக்கக் கொஞ்சம் உப்புச் சேர்ப்பது வழக்கம்தான், அதில் குற்றமில்லை. அளவுக்கு மிஞ்சினால் உப்பையும் அது இழுத்த ஈரத்தையும் புளி விலைக்கு வாங்குகிறீர்கள். ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். புளிப்புக்கு முன்னால் உப்புத் தெரிந்தால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.

கறுத்த புளியைக் கண்டு பயப்படாதீர்கள். புதுப்புளி செம்மண்ணிறமாக இருக்கும், நாள் போகப் போகக் கறுக்கும். பழசு என்றால் பழுது இல்லை. மீன் குழம்புக்குக் கறுத்த புளி நல்ல நிறம் கொடுக்கும். ரசத்துக்குப் புதுப்புளிதான் எனக்குப் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்தால், பூஞ்சண மணம் அடித்தால் மட்டும் தொடவேண்டாம்.

கேள்வி: பைக்கற்றில் அடைத்த புளி வாங்கினேன். கரைத்தால் அடியில் மணலும் சின்னக் கற்களும். கடைக்காரர் "நாங்கள் அடைக்கவில்லை, கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறார். அவர் சொல்வது சரியா? (கிண்ணியா வாசகர்)

பதில்: சரியில்லை. உங்களுக்கு விற்றவர் அவர்தான், முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். மிச்சப் புளியைக் கழுவாமல், பைக்கற்றோடு அப்படியே வையுங்கள். தொகுதி இலக்கமும் திகதியும் அச்சிட்ட பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். கரைத்தபோது வந்த மணலையும் படம் எடுத்து வையுங்கள்.

பற்றுச்சீட்டு இருக்கிறதா? கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமே சொல்கிறது. சின்னச் சாமான்தானே என்று நாங்கள்தான் கேட்பதில்லை. அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். எழுத்தில் கொடுப்பதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். உணவில் கலப்படம், அசுத்தம் என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஒரு பைக்கற்றுக்காக இவ்வளவு அலைய வேண்டுமா என்று யோசிக்காதீர்கள். அதே தொகுதி இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்!

கேள்வி: வேலைக்குப் போகிற ஆள் நான். போத்தலில் வரும் புளிக்கரைசல் நல்லதா? (தம்பலகாமம் வாசகி)

பதில்: பாவிக்கலாம். வாங்கும்போது சேர்மானப் பட்டியலை வாசியுங்கள். எது நிறையில் கூடவோ அதுதான் முதலில் வரும். புளிக்கு முன்னால் தண்ணீர் இருந்தால், கூடவே 330 என்ற இலக்கமும் இருந்தால், அந்தப் புளிப்பில் ஒரு பங்கு சிற்றிக் அமிலத்தினுடையது. 211 என்பது கெடாமல் இருக்கச் சேர்ப்பது. ஒவ்வொரு போத்தலும் ஒவ்வொரு கடுப்பு, முதல் தரம் அரைவாசி விட்டுப் பாருங்கள். வீட்டில் கரைத்தாலும் சரி, போத்தலில் இருந்து விட்டாலும் சரி, கத்தரிக்காயோ பருப்போ அவிந்த பிறகு விடுங்கள். முந்தி விட்டால் லேசில் அவியாது, எரிவாயுதான் வீண். அலுமினியச் சட்டியை விட்டு மண்சட்டி அல்லது எவர்சில்வர் எடுங்கள். புளியின் அமிலம் அலுமினியத்தை அரிக்கும்.

கேள்வி: சூரை மீன் கொஞ்சம் பதம் கெட்டிருந்தாலும் புளியைக் கூட விட்டுக் கொதிக்க வைத்தால் சாப்பிடலாம் என்கிறார் மாமி. செய்யலாமா? (திருக்கடலூர் வாசகி)

பதில்: செய்யவே வேண்டாம். இதை மாமிக்கும் பக்குவமாகச் சொல்லுங்கள். சூரை, கும்பிளா, சாளை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது, புளியும் அதை எடுக்காது. புளி மணத்தை மறைக்கும், அதுதான் ஆபத்து. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். நாக்கில் மிளகு போல ஒரு காரம் தட்டினால் அந்தக் கறியை அதோடு நிறுத்திவிடுங்கள். மூச்சு விடக் கஷ்டமாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மீனை வாங்கும்போதே செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள், ஐஸில் கிடந்ததா என்று கேளுங்கள். வீடு தூரம் என்றால் ஐஸ் போட்டே கொண்டு போங்கள்.