கோலாலம்பூர் டிக்கெட் மலிவுதான், வீடு வந்து சேரும் செலவு?

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். கணவர் ஆலையில் வேலை, நான் தோட்ட ஆபீஸில் கிராணி. பிள்ளைகளுக்கு வயது 13, 9. பள்ளி விடுமுறையில் மூன்று நாள் சிங்கப்பூர் போகிறோம். லிட்டில் இந்தியாவில் ஓட்டலுக்குப் பணம் கட்டியாயிற்று, நுழைவுச்சீட்டுகளும் வாங்கிவிட்டோம். விமான டிக்கெட்டுக்குத் தனியாகப் பணம் இருக்கிறது, ஆனால் இன்னும் வாங்கவில்லை. ஈப்போவை விட கோலாலம்பூரிலிருந்து போனால் போக வர ஆளுக்கு 60 ரிங்கிட் குறைகிறது. ஆனால் திரும்பும் விமானம் இரவு 11.40க்குத்தான் இறங்கும். ஈப்போ விமானம் பகலிலேயே வந்துவிடும். சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் கையில் 2,000 ரிங்கிட் உண்டு. அது போதாது, இன்னும் 1,500ஐத் தவணைக்கு எடுக்கலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: தவணை வேண்டாம். 2,000 போதும், ஆனால் ஈப்போவிலிருந்து போனால்தான்.

நால்வருக்கும் சேர்த்து கோலாலம்பூர் டிக்கெட்டில் மிச்சம் 240 ரிங்கிட். அந்த விமான நிலையம் உங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வரை வந்தாலும், அங்கிருந்து விமான நிலையத்துக்குப் போகும் கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயிலில் பெரியவருக்கு 55, பிள்ளைக்கு 25. ஒரு வழிக்கே 160, போக வர 320. 240 மிச்சம் அங்கேயே கரைந்துவிட்டது, இடிஎஸ் டிக்கெட்டை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையத்திலிருந்து நேராக விமான நிலையத்துக்குப் போகும் பஸ் இதைவிட மலிவு. போகும்போது அது சரிவரும். திரும்பும்போது 11.40க்கு இறங்கி, குடிநுழைவு முடித்து, பெட்டியோடு வெளியே வர நள்ளிரவு தாண்டிவிடும். அந்நேரத்தில் இரண்டு பிள்ளைகளோடு ஒன்று அறை எடுக்க வேண்டும், இல்லை விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாகப் போகும் இளைஞர் என்றால் நாற்காலியிலேயே தூங்கிக்கொள் என்று சொல்லியிருப்பேன்.

ஈப்போ விமான நிலையத்துக்கு யாராவது சொந்தக்காரர் காரில் கொண்டுபோய் விட்டால் பெட்ரோல் செலவோடு போய்விடும். இல்லாவிட்டாலும் போக 50, வர 50 என்று ஒதுக்குங்கள். டவுனில் கிராப் சுலபமாகக் கிடைக்கும், தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் காலையில் வருமா என்பது சந்தேகம். வண்டியை முந்தின நாளே பேசி வைத்துவிடுங்கள்.

இனி சிங்கப்பூர். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட் 30 சென் என்று தாராளமாகவே பிடித்துக்கொள்வோம். சாங்கி விமான நிலையத்திலிருந்து எம்ஆர்டி ஏறி, அடுத்த நிலையமான எக்ஸ்போவில் டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா. ஆளுக்கு இரண்டரை வெள்ளிக்குள் அடங்கும். ஏழு வயதுக்குக் கீழே இருந்தால்தான் இலவசம், உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் பெரியவர் கட்டணமே. நால்வருக்கு 10 வெள்ளி. விமான நிலையத்திலிருந்து டாக்சி எடுத்தால் மீட்டர் கட்டணத்தோடு விமான நிலையக் கூடுதல் கட்டணமாக 6 முதல் 8 வெள்ளி ஏறும், நள்ளிரவிலிருந்து காலை 6 மணிவரை மீட்டரில் பாதி இன்னும் கூடும். போகும்போது எம்ஆர்டி, திரும்பும்போது பெட்டிகள் பெருத்திருக்கும் (முஸ்தபா பேரங்காடிக்குள் நுழையாமல் யார் ஊர் திரும்புகிறார்கள்!), அதனால் டாக்சிக்கு 35 வெள்ளி. சேர்த்து 45.

எம்ஆர்டியில் உங்கள் இருவரின் வங்கி அட்டையைத் தட்டியே போகலாம். ஆனால் ஓர் அட்டையில் ஒருவர்தான் போக முடியும். வெளிநாட்டு அட்டை என்பதால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் அட்டைக்கு 60 காசு பிடிப்பார்கள். பிள்ளைகளுக்கு ஈஸி-லிங்க் பயண அட்டை வாங்கினால் 10 வெள்ளியில் 5 வெள்ளி அட்டையின் விலை, அது திரும்பி வராது. ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போகும் உறவினர் யாராவது இருப்பாரே, அவரிடம் பழைய அட்டை இரண்டைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அட்டை வகையில் 14 வெள்ளி, ஊருக்குள் சுற்ற மூன்று நாளுக்கு 36.

சாப்பாட்டில்தான் பட்ஜெட் உதைக்கும், அதுவும் தெரியாமல் உட்காரும் கடைகளில். தேக்கா உணவங்காடி நிலையம் உங்கள் ஓட்டலுக்கு நடக்கும் தூரம். அங்கே பலகையில் எழுதியிருப்பதுதான் விலை. நம் ஊர் ரொட்டி சானாய் அங்கே பராட்டா. பசியாற ஆளுக்கு 4 வெள்ளி, மற்ற இரண்டு வேளைக்கும் எட்டெட்டு என்று வைத்தால் நால்வருக்கு நாளுக்கு 80, மூன்று நாளுக்கு 240. குளிரூட்டிய உணவகத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 100 வெள்ளிச் சாப்பாட்டுக்கு சேவைக் கட்டணம் 10 சேரும். அந்த 110க்கு 9 விழுக்காடு வரி போட்டால் 119 வெள்ளி 90 காசு, ஏறக்குறைய 396 ரிங்கிட். மேசையில் கேட்காமலே வைக்கும் வறுத்த கச்சானுக்கும் ஈரத் துடைதாளுக்கும் பல உணவகங்களில் காசு உண்டு. வேண்டாம் என்றால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். பிள்ளைகளின் ஆசைக்கு ஒரே ஓர் இரவு இப்படிச் சாப்பிடுங்கள், அதையும் சேர்த்தால் சாப்பாடு மொத்தம் 328.

இன்னொன்று. அங்காடி நிலையங்களில் சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்து வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது கண்டிப்பு. முதல் தடவை எச்சரிக்கை, அடுத்து 300 வெள்ளி அபராதம்.

எல்லாம் கூட்டினால் 423 வெள்ளி, ஏறக்குறைய 1,400 ரிங்கிட். ஈப்போ போக்குவரத்து 100. ஆக 1,500. மீதி 500 இருக்கிறது. அதை மாற்ற வேண்டாம், ரிங்கிட்டாகவே வங்கியில் கிடக்கட்டும். காய்ச்சல், மழை, தவறவிட்ட விமானம் என்று ஏதாவது வந்தால் அது கைகொடுக்கும். கணவர் கேட்ட 1,500 எதற்கு என்று பார்த்தால், என் ஊகம், முஸ்தபாவுக்குத்தான். அதற்குத் தவணை கட்டிக்கொண்டு தீபாவளி வரை இழுக்க வேண்டுமா என்று அவரையே கேளுங்கள்.

ரொக்கமாக 250 வெள்ளி போதும். 2023 மார்ச்சிலிருந்து நம் டியூட்நவ் கியூஆர் வசதியுள்ள மின்பணப்பையில் அங்கே நெட்ஸ் கியூஆர் உள்ள கடைகளில் கட்டலாம், அங்காடிக் கடைகள் பலவற்றிலும் அது இருக்கிறது. அட்டை தேய்க்கும்போது இயந்திரம் "ரிங்கிட்டில் கட்டுகிறீர்களா" என்று கேட்டால் சிங்கப்பூர் வெள்ளியையே தேர்ந்தெடுங்கள், ரிங்கிட் என்று அழுத்தினால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் உங்கள் தலையில் விழும். அப்புறம், சிங்கப்பூர் குடிநுழைவுக்கான மின் வருகை அட்டையைப் போய்ச் சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. காசு கேட்கும் தளம் அரசாங்கத் தளம் அல்ல, மூடிவிடுங்கள்.