புஷ்கினின் கொள்ளுத்தாத்தா கன்னிபால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவன் ரஷ்ய அரண்மனைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தான்?

ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் கொள்ளுத்தாத்தாவான கன்னிபால்தான் அந்தச் சிறுவன். சொந்த ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். 1696 வாக்கில் பிறந்தவன், சிறு வயதிலேயே ஓட்டோமான் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் இருந்தான். அங்கிருந்து 1704 வாக்கில் ரஷ்யத் தூதரின் ஆட்கள் மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார்கள். கறுப்பினச் சிறுவர்களை அலங்காரத்துக்காக வைத்துக்கொள்வது அன்றைய ஐரோப்பிய அரண்மனைகளில் வழக்கம். ஜார் மன்னர் மகா பீட்டர் அதோடு நிற்கவில்லை. 1705இல் வில்னியஸில் நடந்த ஞானஸ்நானத்தில் அவரே ஞானத்தந்தையாக நின்றார், பிறகு படிக்கவும் வைத்தார்.

அவர் பிறந்தது எத்தியோப்பியாவிலா, கேமரூனிலா?

கன்னிபால் 1742இல் எழுதிய மனுவில் 'லகோன்' என்ற ஊரில் பிறந்ததாகச் சொல்கிறார், நாட்டின் பெயர் இல்லை. 1899இல் ரஷ்ய மானிடவியலாளர் அனுச்சின் எத்தியோப்பியப் பக்கம் கைகாட்ட, அதுவே வெகுகாலம் நிலைத்தது. 1990களில் பெனின் நாட்டு ஆய்வாளர் டியூடோனே ஞாமங்கூ, இன்றைய வட கேமரூனிலுள்ள லொகோன்-பிர்னிதான் அது என்றார். ஊர்ப் பெயர் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதால் எனக்கு இதுதான் சரியென்று படுகிறது.

புஷ்கினின் உறவினர் என்பதைத் தவிர அவருக்கு என்ன பெருமை?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். 1717இல் பீட்டரோடு பிரான்சுக்குப் போய், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஸ்பெயினுக்கு எதிராகப் போரிட்டுத் தலையில் காயம்பட்டு, அப்புறம் லா ஃபேர் பீரங்கிப் பள்ளியில் படித்து, 1723இல் தேர்ந்த பொறியாளராகத் திரும்பினார். வடிவியல், கோட்டைக் கட்டுமானம் பற்றி இரண்டு பாகங்களில் ஒரு நூலும் எழுதினார். பீட்டர் இறந்த பின் அதிகாரத்தைப் பிடித்த மென்ஷிகோவ் 1727இல் இவரைச் சைபீரியாவுக்கு, சீன எல்லை வரை துரத்தினார். பீட்டரின் மகள் எலிசபெத் 1741இல் அரியணை ஏறிய பிறகுதான் நிலைமை மாறியது: ரேவல் நகரின் (இன்றைய தாலின்) தலைமைத் தளபதி, பின் 1759இல் முழு ஜெனரல். யாருடைய தாத்தாவாக இல்லாவிட்டாலும் வரலாற்றில் இடம் பெற வேண்டியவர்.

அவர் நல்ல மனிதர்தானா?

முதல் மனைவி எவ்தோக்கியாவிடம் கேட்டால் இல்லை என்பார். விருப்பமில்லாமல் 1731இல் கட்டிவைக்கப்பட்ட கிரேக்கப் பெண் அவர். கன்னிபால் அவர்மேல் குற்றம் சாட்ட, எவ்தோக்கியா பல ஆண்டுகள் சிறையில் கிடந்தார். அந்த மணம் முறியாமலேயே கன்னிபால் கிறிஸ்டினா ரெகினா என்ற பெண்ணை மணந்துகொண்டார், முறையான விவாகரத்து 1753இல்தான். அடிமையாக வந்த அவரே பின்னாளில் பண்ணையடிமைகளை வைத்திருந்தார் என்பதும் உண்மை. இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

வாரிசுகள் இப்போது இருக்கிறார்களா?

நிறையப் பேர். மூத்த மகன் இவான், 1770இல் கிரேக்கத்திலுள்ள நவரினோ கோட்டையைப் பிடித்த வீரர். இன்றைய உக்ரைனிலுள்ள கெர்சன் நகரை உருவாக்கியதும் அவரே. இன்னொரு மகன் ஒசிப்பின் மகள் நதேழ்தாதான் புஷ்கினின் தாய். எலிசபெத் கன்னிபாலுக்குக் கொடுத்த மிகைலோவ்ஸ்கோயே பண்ணையில்தான் புஷ்கின் 1824 முதல் 1826 வரை தண்டனையாக ஒதுக்கிவைக்கப்பட்டு இருந்தார். புஷ்கினின் மகள் நத்தாலியா ஜெர்மன் இளவரசர் ஒருவரை மணந்தார், அவர்களுடைய மகள் சோஃபி ரஷ்ய அரச குடும்பத்து மிகயீலை மணந்தார். அந்த வழி பிரிட்டனுக்குப் போய், இன்றைய வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் ஹியூ குரோவ்னர் வரை வந்திருக்கிறது.