100 மெகாபிட்டுக்கு எத்தனை ஈ1? பொண்ணு இன்டர்வியூல தடுமாறிட்டாளேன்னு தவிக்கிற அம்மாவுக்கு

வணக்கம்மா. நீங்க எழுதினத முழுசா படிச்சேன். பொண்ணு ஈசிஇ கடைசி வருஷம், டெலிகாம் கம்பெனி இன்டர்வியூல "100 மெகாபிட் ஈதர்நெட் லிங்க்கை பழைய எஸ்டிஹெச் நெட்வொர்க்ல ஏத்தணும்னா எத்தனை ஈ1 அளவுக்கு இடம் வேணும்"னு கேட்டிருக்காங்க (ஈ1ன்னா நிறைய போன் காலை ஒண்ணா கொண்டுபோற லைன், எஸ்டிஹெச்னா அந்த மாதிரி லைன்களை கட்டா சேத்து ஃபைபர்ல அனுப்புற முறை), அவளுக்கு வாயே வரல, ரெண்டு நாளா சரியா சாப்பிடல, கோர் வேலையே (படிச்ச துறையில வேலையே) வேணாம் ஏதாவது சாஃப்ட்வேர் கோர்ஸ்ல சேத்துவிடுங்கன்னு அழுறா. அந்த கோர்ஸுக்கு இப்போதைக்கு பணம் கட்டிடாதீங்கம்மா, ஒரு வாரம் பொறுங்க. அவகிட்ட அறிவு குறைச்சல்னு இல்ல, இந்த கணக்க யாரும் அவளுக்கு அடியிலருந்து சொல்லித்தரல, அவ்ளோதான்.

இனிமே வர்றது பாப்பாவுக்கு, அவளையே படிக்க சொல்லுங்க.

எல்லாமே 64ல ஆரம்பிக்குதும்மா. போன்ல மனுஷ குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் ஒதுக்கினாங்க, அதுக்கு ரெண்டு மடங்கு, அதாவது செகண்டுக்கு 8000 தடவை சாம்பிள் எடுக்கணும், ஒரு சாம்பிளுக்கு 8 பிட், பெருக்கினா 64 கிலோபிட். ஒரு ஆள் பேசுற ஒரு கால் அது. அமெரிக்காவுல 1962ல வந்த டி1ல இந்த மாதிரி 24 போன் காலை சேத்து, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (எல்லா காலோட ஒவ்வொரு சாம்பிளும் சேந்த ஒரு சுத்து) கூட 1 பிட் வச்சு 1.544 மெகாபிட் ஆக்கினாங்க. ஐரோப்பாவுலயும் நம்ம நாட்டுலயும் ஈ1. இதுல 32 ஸ்லாட் (ஒவ்வொண்ணும் 64 கிலோபிட் இடம்), அதனால 2.048 மெகாபிட், நம்ம ஊரு டெலிகாம் ஆளுங்க இதத்தான் "டூ எம்பி"ன்னு சொல்லுவாங்க. அந்த 32ல முதல் ஸ்லாட் ரெண்டு முனையும் ஒரே தாளத்துல ஓட சிங்க்குக்கு, 16ம் நம்பர் ஸ்லாட் காலை சேக்க, வெட்ட சிக்னலிங்குக்கு போயிடும், பேச மிச்சம் 30. பெரிய ஆபீஸ்ல பிஆர்ஐ லைன்னா (ஒரே நேரத்துல பல பேர் பேசுற ஆபீஸ் போன் லைன்) 30 சேனல்னு சொல்றது இதனாலதான்.

இங்க நிறைய பசங்க ஒரு தப்பு பண்றாங்க, கம்ப்யூட்டர் மெமரி பழக்கத்துல 1024ஆல பெருக்கிடுறாங்க. லைன் ஸ்பீடுல கிலோன்னா 1000தான், மெகான்னா 10 லட்சம்தான். அப்படி போட்டா 1 ஜிகாபிட்ல 64 கிலோபிட் சரியா 15,625 இருக்கும், மிச்சமே வராது.

இப்ப உன்ன கேட்ட கேள்விக்கு வரேன். 100ஐ 2.048ஆல வகுத்தா 48.83, அதனால 49ன்னு சொல்ல தோணும். வெறும் வேகத்தை ஒப்பிட்டு சொல்லுன்னு கேட்டா 49 சரிதான். ஆனா எஸ்டிஹெச்ல ஏத்தணும்னு கேட்டாங்கல்ல, அங்க ஈ1 உக்கார்ற பொட்டி விசி-12, அதுல 34 ஸ்லாட் அளவு சரக்கு போகும், அதாவது 2.176 மெகாபிட். ஈதர்நெட்டை நேரா அந்த பொட்டிகள்ல பிரிச்சு போடும்போது 46 பொட்டி போதும், 46ஐ 2.176ஆல பெருக்கி பாரு, 100.096 வரும், கொஞ்சம்தான் மிச்சம். கேட்டவரு எதிர்பார்த்தது 46ஆ இருந்திருக்கலாம், 49 சொல்லி காரணமும் சொல்லியிருந்தாக்கூட அவரு தலையாட்டியிருப்பாரு, ஒண்ணுமே சொல்லாம நின்னதுதான் அடி.

இதே மாதிரி இன்னொண்ணு கேப்பாங்க. எஸ்டிஹெச்சோட அடிப்படை கட்டு எஸ்டிஎம்-1, அதோட வேகம் 155.52 மெகாபிட், அதுல எத்தனை ஈ1? வகுத்தா 75க்கு மேல வரும், நிஜத்துல 63தான். மூணு டூ எம்பி சேந்து ஒரு கட்டு, அந்த மாதிரி ஏழு சேந்து பெரிய கட்டு, அது மூணு சேந்து ஒரு எஸ்டிஎம்-1, 3 × 7 × 3. மிச்ச இடம் எல்லாம் ஓவர்ஹெட்டுக்கும் (நெட்வொர்க்கை கண்காணிக்கிற பிட்டுகளுக்கும்) கட்டுக்கு நடுவுல விடுற இடத்துக்கும் போகுது. வகுத்தல் தெரிஞ்சவனுக்கும் நெட்வொர்க் தெரிஞ்சவனுக்கும் உள்ள வித்தியாசத்தை கண்டுபிடிக்க இந்த ஒரு கேள்வி போதும், அதான் கேக்குறாங்க.

அம்மா, இது பழைய சமாச்சாரம்தானே எதுக்கு கேக்கணும்னு கோவமா எழுதியிருந்தீங்க. ரயில்வே சிக்னல் டெலிகாம்லயும் கரன்ட் கம்பெனிங்க சப்ஸ்டேஷனுக்கு நடுவுலயும் இந்த லைன்கள் இன்னும் ஓடுது, அத ஐபிக்கு (இன்டர்நெட் மாதிரி பாக்கெட் முறைக்கு) மாத்துற வேலையே ஒரு வேலைதான், மாத்துறவங்களுக்கு ரெண்டு பக்கமும் தெரியணும். அதுக்காக இத மட்டும் ஆறு மாசம் சொல்லித்தரோம்னு யாராவது ஆயிரக்கணக்குல கேட்டா வேணாம்னுடுங்க. ரெண்டு மூணு நாள் நோட்டுல போட்டு பழகினா போதும், அதுக்கப்புறம் அவ நேரம் ரவுட்டிங், எம்பிஎல்எஸ் (பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டி அனுப்புற முறை), ஆப்டிக்கல் ஃபைபர் பக்கம் போகட்டும். மெஷின கண்ணால பாக்கணும்னு ஆசைப்பட்டா மீனம்பாக்கத்துல பிஎஸ்என்எல் ட்ரைனிங் சென்டர் இருக்கு, காலேஜ் பசங்களுக்கு இன்பிளான்ட் ட்ரைனிங் நடத்துறவங்க, பேட்ச் எப்பன்னு போன் போட்டு கேட்டுக்கோங்க.

பாப்பா, ராத்திரி சாப்பிட்டுட்டு ஒரு கணக்கு போடு. எஸ்டிஎம்-1 ஃப்ரேம்ல 270 காலம் (நெடுக்கு வரிசை), 9 குறுக்கு வரிசை, ஒவ்வொண்ணும் 8 பிட், செகண்டுக்கு 8000 ஃப்ரேம். பெருக்கினா 155.52 வருதான்னு பாரு. வந்துச்சுன்னா 1 ஜிகாபிட்டுக்கு எத்தனை விசி-4 (எஸ்டிஎம்-1 உள்ள உக்கார்ற பெரிய பொட்டி) வேணும்னு நீயே கண்டுபிடிச்சு எழுதி அனுப்பு, ஒரு விசி-4ல சரக்கு 149.76 மெகாபிட் போகும். விடைய விட நீ போட்ட வழிதான் எனக்கு வேணும், அத பாத்துட்டு அடுத்த இன்டர்வியூக்கு உன்ன தயார் பண்றேன்.