ஃபாவுஸ்டின் ஒரு நாள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சாத்தானோடு ஒப்பந்தம் போடும் கதைகள் பற்றிய கட்டுரையில், ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் ‘ஃபாவுஸ்ட்’ (1926) படத்தைத் தவறவிடக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். யூடியூபில் மங்கலான ஒரு பிரதி கிடைத்தது. பார்த்தேன். ஒன்று புரியவில்லை. கொள்ளைநோயில் சாகும் ஊரைக் காப்பாற்றத்தானே கிழவர் ஃபாவுஸ்ட் சாத்தானைக் கூப்பிடுகிறார்? அதற்குப் போய் இவ்வளவு பெரிய தண்டனையா? கடைசியில் ‘அன்பு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவைப்பது நம்மூர் கிளைமாக்ஸ் மாதிரி இருந்தது. சாத்தானாக வரும் யானிங்ஸின் நடிப்பும் ரொம்ப மிகை. கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

ச.

அன்புள்ள ச.,

கோபம் எதற்கு? யானிங்ஸ் விஷயத்தில் பாதி உங்கள் கட்சிதான். கதாநாயகி கிரேட்செனின் உறவுக்காரி மார்த்தா வீட்டில் அவர் அடிக்கும் கூத்து எனக்கும் அலுப்பு. மார்த்தாவாக நடித்த இவெட் கில்பெர்ட் பாரிஸ் மேடைகளைக் கலக்கிய பாடகி. அவரை ஊமைப் படத்தில் போட்டு முகச்சேட்டை செய்யவைத்திருக்கிறார்கள்!

ஆனால் அந்த முச்சந்திக் காட்சியை மறுபடி பாருங்கள். நெருப்பு வளையங்கள் எழுந்து அடங்கியதும், கல்லின்மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். தொப்பியைத் தூக்கி வணக்கம் வைக்கிறான், அவ்வளவுதான். ஃபாவுஸ்ட் பயந்து ஓடுகிறார். போகிற வழியெல்லாம் அதே ஆள், அதே வணக்கம். வீட்டுக்குள் வந்தால் அங்கும் அவன். இந்தப் பணிவைவிடப் பயங்கரமான சாத்தானை நான் சினிமாவில் கண்டதில்லை.

இனி உங்கள் கேள்வி. படத்தில் ஒப்பந்தம் ஒன்றல்ல, இரண்டு. ஊருக்காக ரத்தத்தில் கையெழுத்திடுவது ஒரே ஒரு நாளுக்கு. மணற்கடிகாரத்தில் மணல் தீரும்வரை. இன்றைக்கு ஆப்களில் முதல் மாதம் இலவசம் என்கிறார்களே, அதே வியாபாரம். நோயாளியை எழுப்பி நிறுத்துகிறார் கிழவர். அடுத்து, கையில் சிலுவையோடு கொண்டுவரப்பட்ட பெண்ணை நெருங்க முடியாமல் பின்வாங்குகிறார். ஊருக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. கல்லெறிகிறார்கள். நல்லது செய்யும் ஆசை அதோடு முடிந்தது. விஷம் குடிக்கப் போனவருக்கு மெஃபிஸ்டோ என்ற அந்தச் சாத்தான் காட்டுவது அவருடைய இளமையை. பார்மா கோமகளின் கட்டில்வரை கொண்டுபோய்விட்டு, சரியான நேரத்தில் வந்து நிற்கிறான்: மணல் தீர்ந்துவிட்டது. அப்போது ஃபாவுஸ்ட் இளமை என்றென்றைக்கும் வேண்டும் என்கிறானே, அதுதான் உண்மையான விற்பனை. அந்த நேரத்தில் கொள்ளைநோய் அவன் நினைவிலேயே இல்லை.

சரி, தண்டனை. யாருக்குத் தண்டனை? தாயும் அண்ணனும் செத்து, பனிப்புயலில் கதவு கதவாகத் தட்டுபவள், ஃபாவுஸ்ட் காதலித்து விட்டுப்போன கிரேட்சென். குளிரில் புத்தி பேதலித்து, பனிக்குவியலைத் தொட்டில் என்று நினைத்துக் குழந்தையைக் கிடத்துகிறாள். பிறகு குழந்தையைக் கொன்றவள் என்று அவளையே எரிக்கிறார்கள். அவள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டவள் இல்லை. அந்த இடத்தில் எனக்குக் கோபம் வருவது ஃபாவுஸ்ட் மீதுதான். அதிகம் அறியப்படாத கமில்லா ஹோர்னை இந்தப் பாத்திரத்துக்குப் பிடித்தது முர்னாவின் அதிர்ஷ்டம். மலைகளையும் காடுகளையும் தாண்டி அவள் முகமும் அலறலும் பாய்ந்து வரும் காட்சியில், சத்தமே இல்லாத படத்தில் காது அடைக்கிறது.

ஃபாவுஸ்ட் இளமையைச் சபிக்கிறான், மறுபடி கிழவராகிறார், சிதையில் ஏறுகிறார். எதற்காகத் தன்னை விற்றாரோ அதையே உதறிவிட்டுத்தான் அவளிடம் போகிறார். கடைசியில் ‘அன்பு’ என்று வரும் அந்த எழுத்தட்டை இல்லாவிட்டாலும் எனக்குக் குறை தெரிந்திருக்காது. அந்த அளவுக்கு உங்களோடு உடன்படுகிறேன். நம்மூர் கிளைமாக்ஸ் என்றால் அந்தக் கிழவர் பிழைத்திருப்பார்.

மங்கலான பிரதி என்றீர்கள். அந்தக் காலத்தில் ஏற்றுமதிக்கென்று தனி நெகட்டிவ்கள் தயாராயின. ஒரே காட்சிக்கு வேறு வேறு டேக்குகள். ஜெர்மன் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு மீட்டெடுத்த பிரதி இருக்கிறது, அதைத் தேடுங்கள். ஊர்மேல் சாத்தானின் அங்கி கவியும் காட்சியில் கரும்புகை எப்படி இறங்குகிறது என்று அதில்தான் தெரியும். கம்ப்யூட்டர் இல்லை, மாதிரி ஊர், விசிறி, கரித்தூள், பொறுமையாக நின்ற யானிங்ஸ்.

ஹென்ரிக் கலீனின் ‘பிராகின் மாணவன்’ படமும் அதே 1926-இல் வந்ததுதான். அதில் கொன்ராட் ஃபைட் காசுக்கு விற்பது கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தை. பார்த்துவிட்டு அதையும் திட்டி எழுதுங்கள்.