இதய பலவீனம் உள்ள அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. மூளையில் கோளாறா?

உங்கள் அப்பாவுக்கும் ஹார்ட் ஃபெயிலியர், இரவில்தான் இப்படி வருகிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. "போனைப் பார்த்து வைத்தியம் சொல்கிற கூட்டம்" என்று கீழே எழுதப் போகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டு எழுதுங்கள்.

எங்கள் அப்பா சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு 30 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது. ராத்திரி மூச்சு மெல்ல ஏறும், பெரிதாகும், தோள் இரண்டும் தூக்கிப் போடும், அப்புறம் படிப்படியாக இறங்கி நின்றே போகும். மூக்குக்கிட்ட விரல் வைத்தால் ஒன்றும் படாது. பார்க்கிற நமக்குத்தான் உயிர் போகும். பிறகு சின்னதாக ஒரு இழுப்பு, மறுபடி முதலிலிருந்து. பெரியப்பா ஒரு ராத்திரி இதைப் பார்த்துவிட்டு, "உசுரு இழுத்துக்கிட்டு கெடக்கு, பால ஊத்துங்கத்தா" என்றார். விடிந்ததும் அப்பா எழுந்து காபி கேட்டார்.

நான் செய்தது, சட்டையைக் கழற்றிவிட்டு மார்பு தெரிகிற மாதிரி வீடியோ எடுத்ததுதான். மதுரையில் இதய டாக்டர் அதைப் பார்த்ததும் "செயின்-ஸ்டோக்ஸ் மூச்சு" என்றார். 1818-ல் செயின், 1854-ல் ஸ்டோக்ஸ் என்று டப்ளின் டாக்டர்கள் இரண்டு பேர் எழுதி வைத்த பழைய சங்கதி.

மூளைக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் இவர்களுக்குப் பழுது பெரும்பாலும் அங்கே இல்லை. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று பார்த்துத்தான் மூளையின் அடியில் இருக்கும் முகுளம் மூச்சைக் கூட்டிக் குறைக்கிறது. இதயம் தளர்ந்தால் ரத்தம் மெதுவாக ஓடும், நுரையீரலில் நடப்பது மூளைக்குத் தாமதமாகத் தெரியும். மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்த பிறகு கீழே இருப்பவர் மோட்டாரை நிறுத்துகிற கதைதான். தேவைக்கு மேல் மூச்சு வாங்கி வாயு ரொம்பக் குறைந்துவிட, மூளை மூச்சையே நிறுத்திவிடுகிறது. வாயு ஏறியதும் திரும்பவும் அவசரம். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு நிமிடம். மூச்சு உச்சத்துக்குப் போகும்போது மூளை சில நொடி விழித்துக்கொள்வது ஈஈஜியில் (மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் பரிசோதனை) தெரியும், படுத்திருப்பவருக்கு நினைவிருக்காது. அப்பா பகலில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டே தூங்கி விழுந்தது அதனால்தான். பக்கவாதத்திலும் இந்த மூச்சு வரும், அதனால் உங்கள் பயம் அசட்டுத்தனம் இல்லை. வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அட்மிஷன் போடும்போது கவுண்டரில், "பையன் யாரும் இல்லையாம்மா கையெழுத்துப் போட?" என்று கேட்டார்கள். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தது நான். வெளியூரில் இருக்கும் தம்பி வந்து போட்டால்தான் மை ஒட்டுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு மாத்திரையைச் சரிக்கட்டி, உப்பையும் தண்ணீரையும் அளந்து, தலைமாட்டை உயர்த்தியதில் நன்றாகக் குறைந்தது. எல்லோருக்கும் இது போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரோ சொன்னார்கள் என்று மூச்சு மெஷின் வாங்கிவிடாதீர்கள். குறட்டைக்காரர்களுக்குத் தொண்டை அடைத்து மூச்சு நிற்பது வேறு, இது வேறு. 2015-ல் வெளிவந்த சர்வ்-எச்எஃப் ஆய்வில், இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்து, மூளை நிறுத்துகிற வகை மூச்சுத் தடை உள்ளவர்களுக்கு ஏஎஸ்வி மெஷின் (மூச்சுக்குத் தகுந்தபடி காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் முகமூடி மெஷின்) மாட்டியபோது இதய நோய்ச் சாவு கூடத்தான் செய்தது. எக்கோ ரிப்போர்ட்டையும் வீடியோவையும் டாக்டரிடம் காட்டி, தூக்கப் பரிசோதனை வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்.