அரசு பணம் தரவில்லை என்று பள்ளி கட்டணம் கேட்டால்?

கேள்வி: கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. சேர்ந்த என் மகன் இப்போது 3ஆம் வகுப்பு. “அரசிடமிருந்து பணம் வரவில்லை; கட்டணத்தைக் கட்டுங்கள், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறது மெட்ரிக் பள்ளி. கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். டி.சி.யும் கேட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தரும் பள்ளி மாறும் உரிமை, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தாது. டி.சி. வாங்கிவிட்டால் வேறு தனியார் பள்ளியில் இலவச இடத்தை உரிமையாகக் கேட்க முடியாது. நீங்களாக வெளியேறாதவரை, 8ஆம் வகுப்பு முடியும்வரை மகனை வெளியேற்ற 16ஆம் பிரிவு இடம் தராது.

பணம் வராதது பள்ளிக்கும் அரசுக்கும் இடையிலான கணக்கு. 12(2) பிரிவின்படி, ஒரு குழந்தைக்கு அரசு செய்யும் செலவு, பள்ளி வாங்கும் கட்டணம் இரண்டில் எது குறைவோ அதை அரசு பள்ளிக்கு ஈடுசெய்ய வேண்டும். மத்திய அரசு தன் பங்கை நிறுத்தியதால் தர இயலவில்லை என்று மாநிலமும் கைவிரிக்க முடியாது. நிதிக்கு மாநில அரசே பொறுப்பு என்கிறது 7(5). 2025இல் சென்னை உயர் நீதிமன்றமும் இதையே சொன்னது. அரசியலமைப்பின் 21-ஏ பிரிவு தரும் இலவசக் கல்வி உரிமை குழந்தையுடையது. டெல்லிக்கும் சென்னைக்கும் உள்ள வழக்கு தீரும்வரை அது காத்திருக்காது.

பள்ளியின் கோரிக்கையை முதலில் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால், கேட்ட தேதி, தொகை, கேட்டவர் பதவியைக் குறித்து நீங்களே பள்ளிக்கு ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட் அனுப்புங்கள். அதன் நகல், சேர்க்கை ஆணை இரண்டையும் இணைத்து மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) மனு கொடுங்கள். முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஒரு நகல். 32ஆம் பிரிவின் கீழான புகார் என்று மனுவிலேயே எழுதுங்கள். அந்தப் பிரிவில் முடிவுக்கு 3 மாதக் கெடு உண்டு. மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு. பையனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தால் 3 மாதம் காத்திருக்காமல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

பலரும் 13ஆம் பிரிவை எழுதி, பத்து மடங்கு அபராதம் கேட்கிறார்கள். அது நன்கொடைக்கானது, பள்ளி அறிவித்த கட்டணத்தையே கேட்கும்போது பொருந்தாது. படிப்பைத் தடுக்கும் எந்தக் கட்டணமும் குழந்தையிடம் கேட்கக் கூடாது என்னும் 3(2), 25 சதவீத இலவச இடம் தரும் 12(1)(சி) இரண்டும் போதும்.

ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதைப் பாருங்கள். ‘ஸ்மார்ட் கிளாஸ்’, ‘நன்கொடை’ என்று போட்டிருந்தால் உடனே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். விருப்பப்பட்டுக் கொடுத்தது என்று பிறகு வாதிடுவார்கள்.