சபையில் ஆகாரம் கிடைக்கவில்லை என்றால் என் ஆவிக்குரிய வளர்ச்சிக்கு யார் பொறுப்பு?

பல வருஷம் சபைக்குப் போயும் வளர்ச்சியே இல்லை, குறை போதகரிடமா என்னிடமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் போதகரை எனக்குத் தெரியாது. ஆனால் இதே கேள்வியோடு நானும் இருந்திருக்கிறேன்.

எங்கள் போதகர் மிக நன்றாகப் பிரசங்கிப்பார். ஞாயிறுதோறும் குறிப்பெடுப்பேன், வாரம் முழுக்க அதுவே போதும் என்று இருந்துவிடுவேன். அவர் மாற்றலாகிப் போய் மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி தூக்கம் வராமல் வேதாகமத்தைத் திறந்தால், எரேமியாவில் இரண்டு தாள்கள் ஓரம் ஒட்டியபடியே இருந்தன, வாங்கின நாளிலிருந்து பிரிக்கவே இல்லை. நோட்டு நிறைய அவர் படித்துச் சொன்னது இருந்தது, நானாகப் படித்து எழுதியது ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கு ரொம்ப அழுதேன்.

அப்புறம்தான் பிலிப்பியர் 2:12 உறைத்தது. அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பி சபைக்கு அதைச் சிறையிலிருந்து எழுதுகிறார். "நான் தூரமாயிருக்கும் இப்பொழுதும்" உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்கிறார். அதாவது, ஊழியர் பக்கத்தில் இல்லாதபோதும் நடக்க வேண்டிய காரியம் இது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு சொந்த பலத்தில் செய்யச் சொல்லவில்லை, விருப்பத்தையும் செய்கையையும் நமக்குள் உண்டாக்குகிறவர் தேவனே என்று அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. எனக்கு முதல் வசனம் பயத்தைக் கொடுத்தது, இரண்டாவதுதான் எழுப்பி உட்கார வைத்தது.

கலாத்தியர் 6-ஐயும் பாருங்கள். 2-ஆம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது, 5-ஆம் வசனம் அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. தமிழில் இரண்டும் 'பாரம்' என்பதால் முரண்பாடு போலத் தெரியும். கிரேக்கத்தில் முதலாவது பாரோஸ், ஆளை அழுத்துகிற கனம். இரண்டாவது ஃபோர்டியோன், அவரவர் சுமக்க வேண்டிய சுமை. "என் சுமை இலகுவாயும் இருக்கிறது" என்று இயேசு சொன்ன இடத்திலும் இதே சொல்தான். துக்கத்திலோ வியாதியிலோ ஜெபிக்கவே முடியாமல் கிடக்கிறவரிடம் போய் "உன் வளர்ச்சி உன் பொறுப்பு" என்று சொல்வது கொடுமை, அங்கே சபைதான் தோள் கொடுக்க வேண்டும். ஆனால் எனக்காக வேதத்தைத் திறப்பதும், நான் மன்னிக்க வேண்டியவரை எனக்குப் பதிலாக மன்னிப்பதும் யாராலும் முடியாது.

போதகர் தப்பித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. உபதேசம் பண்ணுகிறவர்களுக்கு அதிக ஆக்கினை உண்டு என்று யாக்கோபு 3:1 எச்சரிக்கிறது. ஆனால் கேட்கிறவர்களுக்கும் பங்கு உண்டு: பெரோயா ஊரார் பவுல் பேசியதையே தினந்தோறும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள், அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள்.

சரி, பிலிப்பியர் மொத்தமே 4 அதிகாரம், 104 வசனம். இன்று ராத்திரி யாருடைய விளக்கமும் கேட்காமல் ஒரே மூச்சில் படியுங்கள். புரியாத இடத்தைக் குறித்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை உங்கள் போதகரிடமே கேளுங்கள்.